சாருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை

பேண்ட்ல கோலமாவு ஒட்டியிருந்தா போராட்டக்காரன்னு அர்த்தமா ஏட்டையா? அப்படிப் பார்த்தா மார்கழி மாசம் வாசல்ல கால் வைக்கிற பால்காரனைக்கூடப் பிடிச்சு உள்ள போடணும். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நான் பஸ்ல வந்தவன். இந்தாங்க, டிக்கெட் இருக்கு, திருச்சிக்கு எடுத்த டிக்கெட். நடுவழியில மறியல் பண்ண வர்றவன் திருச்சி வரைக்கும் காசு குடுத்து டிக்கெட் எடுப்பானா?

இன்ஸ்பெக்டர் என்ன சொல்லிட்டுப் போனாரு? உங்க காதுலதானே சொன்னாரு. சம்பந்தமில்லாத ஆள் யாராவது மாட்டியிருந்தா விசாரிச்சு அனுப்பிடு, மத்தவங்களைச் சாயங்காலம் பார்க்கலாம்னாரு. அதைத்தான் கேக்குறேன். விசாரிங்க. அதோ அந்தப் பொம்பளைங்ககிட்ட போய், இவரு உங்க ஆளான்னு ஒரு வார்த்தை கேளுங்க. இல்லன்னு சொல்லுவாங்க. நான் பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுவேன்.

சாப்பிட்டுட்டுக் கேக்குறீங்களா? சரி, சாப்பிடுங்க. பசிக்கிற வயிறு, நான் குறுக்க நிக்கல. ஆனா நான் சொல்றதைக் காதுல வாங்கிக்கிட்டே சாப்பிடுங்க.

நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாது, அது உங்க தப்பில்ல. டாக்டர் அரங்கநாயகம். ஊசி போடுற டாக்டர் இல்ல, படிச்சு வாங்கின டாக்டர். காலேஜ்ல சமூகப்பணித் துறையில பேராசிரியர். எம்.எஸ்.டபிள்யூன்னு ஒரு படிப்பு, கேள்விப்பட்டிருப்பீங்க. பசங்க மூணு நாள் கிளாஸ்ல உக்காந்து படிக்கும், ரெண்டு நாள் ஏதாவது ஒரு ஊருக்குள்ள போய் ஜனங்களோட பழகிப் படிக்கும். களப்பணின்னு பேரு. மக்களை எப்படி ஒண்ணு சேர்க்கிறது, அவங்க குறையை அவங்களே எப்படிப் பேச வைக்கிறது, சமூகத்துல மாற்றம் எப்படி வரும், எல்லாத்துக்கும் பாடம் உண்டு. அந்தப் பாடத்தை எடுக்கிற ஆள் நான்தான். நீங்க தடி வச்சு அடக்குறதை நான் சிலபஸ் வச்சு நடத்துறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்க துறைத் தலைவர் ரிட்டயர் ஆகிட்டாரு. அந்த நாற்காலிக்கு இன்னைக்கு மூணு மணிக்குத் திருச்சியில இண்டர்வியூ. போட்டிக்கு இன்னொருத்தன் இருக்கான். என்கிட்ட படிச்சவன்தான், இப்பக் கழுத்துல டை கட்டிக்கிட்டுத் திரியறான். நான் போய் உக்காரலன்னா அவன் உக்காந்துடுவான். அப்புறம் ஒரு நாள் லீவு வேணும்னாக்கூட நான் அவன் ரூம் வாசல்ல போய் நிக்கணும். அதை நினைச்சாலே எனக்கு வயிறு எரியுது. அதனாலதான் இவ்வளவு நேரம் உங்ககிட்ட தொண்டைத் தண்ணி வத்தப் பேசிக்கிட்டிருக்கேன்.

என் நேரம், காரு ஒர்க்ஷாப்ல கிடக்கு. பஸ்ல ஏறினேன். அந்த பஸ் போய் கரட்டுப்பட்டி முன்னாடிதானா நிக்கணும்?

கரட்டுப்பட்டின்னா எனக்குப் புதுசில்ல ஏட்டையா. போன வருஷம் முழுக்க என் பசங்க களப்பணி பண்ணது அந்த ஊர்லதான். நானே தேர்ந்தெடுத்த ஊரு. ரோட்டு மேல இருக்கு, காலேஜ் வண்டி உள்ள வரைக்கும் போகும், டீக்கடை இருக்கு. களப்பணிக்கு ஏத்த ஊரு. ஜனங்கதான் சரியில்ல.

அந்தா, மேடைக்குக் கீழ உக்காந்து சிரிச்சுக்கிட்டிருக்காங்களே, அவங்கதான். கைது பண்ணி இந்தக் கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிட்டு வந்திருக்கு, கல்யாணத்துக்கு வந்த மாதிரி காலை நீட்டி உக்காந்திருக்காங்க. மேலே நேத்து கல்யாணம் பண்ணின ஜோடி பேரு தெர்மாக்கோல்ல இன்னும் தொங்குது, அதை வேற எழுத்துக்கூட்டிப் படிச்சுச் சிரிக்கிறாங்க. சாப்பாட்டுப் பொட்டலத்தை மட்டும் தொடல, பார்த்தீங்களா? கோட்டாட்சியர், அதான் ஆர்டிஓ, வந்து பதில் சொல்ற வரைக்கும் சாப்பிட மாட்டாங்களாம். எலுமிச்சை சாதத்துக்கு இவ்வளவு கௌரவம் நான் எங்கயும் பார்த்ததில்ல.

இவங்க குறை என்னன்னு உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்றேன். நாலுவழிச் சாலை ஊரை ரெண்டாப் பிளந்துகிட்டுப் போகுது. வீடெல்லாம் இந்தப் பக்கம். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, சுடுகாடு அந்தப் பக்கம். முன்னாடி நடுத்திட்டுல ஊருக்கு நேரா ஒரு திறப்பு இருந்துச்சு. அதைக் கான்கிரீட் கட்டை போட்டு அடைச்சுட்டாங்க. இப்ப அந்தப் பக்கம் போகணும்னா பாலம் வரைக்கும் நடந்து சுத்திட்டு வரணும். இவங்க நடப்பாங்களா? புடவையை இழுத்துச் செருகிக்கிட்டு அரிசிப் பையோட கட்டை மேல ஏறிக் குதிப்பாங்க. பிள்ளைங்களும் புத்தகப் பையோட குதிக்கும். லாரிக்காரன் ஹாரன் அடிச்சு அடிச்சுச் சலிச்சுப் போவான்.

சரி, எங்க பாடத்துக்கு வர்றேன். ஒரு ஊருக்குள்ள போனா முதல் வேலை ஊர்ப்படம் போடுறது. பேப்பர்ல இல்ல, தெருவுல. ஊர்ப் பொம்பளைங்க கையில கோலமாவைக் குடுத்து, உங்க ஊரை நீங்களே தரையில வரைங்கன்னு சொல்லணும். வீட்டுக்குக் கல்லு, மரத்துக்கு இலை, தண்ணிக்கு நீலப்பொடி, ரோட்டுக்குக் கரித்தூள். அவங்க ஊரை அவங்க எப்படிப் பார்க்கிறாங்கன்னு அதுல தெரியும். நல்ல முறை. உலகம் பூரா பண்றாங்க.

இவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? வீடெல்லாம் உள்ளங்கை அளவு. கோயில் ஒரு சாண். ரோடு மட்டும் ஒரு ஆள் கை காலை விரிச்சுப் படுக்கலாம், அவ்வளவு அகலம். ஒரு கூடை கரியை அதுக்கே கொட்டித் தீர்த்துட்டாங்க. படத்துல பாதி ரோடு. நான் போய்ப் பார்த்துட்டு, என்னம்மா இது, அளவு கிடையாதா, ரோடு உங்க ஊரை விடப் பெருசான்னேன். ஆமா சார்ன்னாங்க. எல்லாரும் சேர்ந்து, ஒரே குரல்ல. அறிவுன்னு ஒண்ணு வேணாமா?

இதுல பஞ்சவர்ணம்னு ஒரு அம்மா. பச்சைப் புடவை, தூண்ல சாஞ்சு உக்காந்திருக்கே, அதுதான். அது ஒரு சிட்டிகை குங்குமத்தை எடுத்துட்டு வந்து அந்தக் கரி நடுவுல வச்சுது. இது என்னம்மா குறியீடுன்னேன். 'என் மக விழுந்த இடம் சார்'ன்னுது. பொண்ணு ஏழாவது படிச்சுது போலிருக்கு, லாரி இடிச்சு ஒரு கால் போயிடுச்சு. பாவம்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா குங்குமத்துக்கு எங்க முறையில குறியீடே கிடையாது ஏட்டையா. ஆளாளுக்கு மனசுல இருக்கிறதையெல்லாம் கொண்டுவந்து வச்சா அது ஊர்ப்படமா இருக்குமா? நானே ரெண்டு குடம் தண்ணி ஊத்தச் சொல்லி, கழுவிட்டு, அளவா, அழகா, எங்க பசங்களை விட்டே வரைய வச்சேன். ரோடு ஒரு கோடு. அந்தப் போட்டோ எங்க துறை வாசல்ல இன்னும் மாட்டியிருக்கு. வர்றவங்க எல்லாரும் பாராட்டுவாங்க.

அடுத்தது, ஊருக்கு எது தேவைன்னு கண்டுபிடிக்கிறது. மக்களே உணர்ந்த தேவையா இருக்கணும், அதான் விதி. நான் பசங்களை உக்கார வச்சு, பல் சுகாதாரம்னு முடிவு பண்ணேன். ஏன்னா எங்க காலேஜ்ல தெர்மாக்கோல்ல செஞ்ச பெரிய பல்செட் ஒண்ணு சும்மா கிடந்துச்சு. கூட ஒரு முழ நீளத்துக்குப் பிரஷ். பல் டாக்டர் ஒருத்தர் எனக்குப் பழக்கம், அவரும் வர்றேன்னாரு. பேனர் அடிச்சோம். பெரிய மனுஷங்க வந்தாங்க. ஊர்ப் பொம்பளைங்களை மரத்தடியில உக்கார வச்சு, மேலயிருந்து கீழ, கீழயிருந்து மேலன்னு நானே பிரஷைப் பிடிச்சு விளக்கிக் காட்டினேன். கை தட்டினாங்க. கடைசியில இந்தப் பஞ்சவர்ணம் எழுந்து, 'சார், ரோட்டுல அந்தக் கட்டையை எடுக்கச் சொல்ல முடியுமா'ன்னு கேட்டுச்சு. பல்லைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கும்போது ரோட்டைப் பத்திக் கேக்குற ஜனங்க. அது வேற துறைம்மா, உக்காருங்கன்னேன்.

சொல்லுங்க, நான் இதுல என்ன தப்புப் பண்ணேன்? தண்ணி குடிச்சுக்குங்க, விக்குது பாருங்க.

இப்ப அந்தப் பொண்ணு கதைக்கு வர்றேன். இமல்டா. தலையை ஒட்ட வெட்டிக்கிட்டு, ஆம்பளைச் சட்டை போட்டுக்கிட்டு நடுவுல உக்காந்திருக்கு பாருங்க. என் மாணவி. நல்லாப் படிக்கிற பொண்ணுதான், ஆனா சொன்னதைக் கேக்காது. எல்லாரும் பல் விளக்கப் போனா இது மட்டும் காலையில ஏழு மணிக்கே கரட்டுப்பட்டிக்குப் போய் நிக்கும். எதுக்கு? பிள்ளைங்களை ரோடு தாண்டி விடுறதுக்கு. இந்தக் கையில ஒண்ணு, அந்தக் கையில ஒண்ணு, இடுப்புல ஒண்ணு. சாயங்காலம் திரும்பக் கூட்டிட்டு வரும். நடுவுல ரேஷன் கடை வரிசையில நிக்கும், களை பறிக்கிற இடத்துல போய் உக்காந்துக்கும். என்னம்மா பண்றன்னு கேட்டா, 'பழகிக்கிட்டிருக்கேன் சார்'ங்கும்.

பழகலாம். அதுக்கு ஒரு எல்லை வேணாமா? நீங்க ஒரு திருடனைப் பிடிக்கிறீங்க, அவன் வீட்டுல போய்ச் சாப்பிடுவீங்களா? சமூகப்பணியாளர்னா ஒரு தள்ளி நிக்கிற குணம் வேணும். அதுதான் தொழில். இந்தப் பொண்ணு வருஷக் கடைசியில வாய்மொழித் தேர்வுக்கு வந்து என் முன்னாடி உக்காந்து, கரட்டுப்பட்டி ஜனங்க ஒண்ணு சேர ஆரம்பிச்சிருக்காங்க சார், அவங்க தேவை பல்லு இல்ல, ரோடுதான்னு சொல்லுது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முன்னாடி. எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் கேட்டேன், நீ படிக்கப் போனியா, பிள்ளை தூக்கப் போனியான்னு. 'ரெண்டும் சார்'ன்னுது. களப்பணியில தோல்வின்னு போட்டேன். அடுத்த வருஷம் திரும்பப் பண்ணுன்னேன். கண்ணுல தண்ணி வந்துச்சு, துடைச்சுக்கிட்டு, 'அப்ப அதே ஊர்லயே பண்றேன் சார்'ன்னு எழுந்து போயிடுச்சு. திமிர்தானே?

நானும் சும்மா இருக்கல. அந்த ஊரை வச்சே ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினேன். ஒன்றுதிரளும் திறன் இல்லாத கிராமம் ஏன் அப்படியே இருக்குன்னு. இந்த ஜனங்களுக்குத் தங்களுக்கு என்ன வேணும்னு தெரியாது, தெரிஞ்சாலும் கேக்கத் தெரியாது, கேட்டாலும் சேர்ந்து நிக்கத் தெரியாதுன்னு ஆதாரத்தோட நிரூபிச்சிருக்கேன். இன்னைக்கு இண்டர்வியூல குடுக்கிறதுக்கு அதோட பிரதி இந்தப் பையிலதான் இருக்கு. நாலு பேர் நல்ல கட்டுரைன்னு சொல்லியிருக்காங்க.

அந்தக் கட்டுரையை மடியில வச்சுக்கிட்டுத்தான் இன்னைக்கு பஸ்ல உக்காந்திருந்தேன். பஸ் நின்னுச்சு. முன்னாடி லாரி, பின்னாடி லாரி. கண்டக்டர் இறங்கிப் போய்ப் பார்த்துட்டு வந்து, கரட்டுப்பட்டிப் பொம்பளைங்க ரோட்டுல உக்காந்துட்டாங்க, ரெண்டு பக்கமும் வண்டி நகராதுன்னான். நான் நம்பல. அவங்களாவது உக்கார்றதாவது, வேற ஊரா இருக்கும்னேன். இறங்கிப் போய்ப் பார்த்தா ஊரே உக்காந்திருக்கு. அடைச்சு வச்ச அந்தக் கட்டைக்கு ரெண்டு பக்கமும், நாலு வழியிலயும். உக்காந்ததோட விட்டாங்களா, தார் ரோட்டு மேலயே கோலமாவால ஊர்ப்படம் போட்டு வச்சிருக்காங்க. வீடு, பள்ளிக்கூடம், கோயில், எல்லாம். ரோட்டுக்கு மட்டும் ஒண்ணும் வரையல. ரோட்டு மேலதானே உக்காந்திருக்காங்க, அதனால விட்டுட்டாங்களாம். நடுவுல அந்தக் குங்குமம் வேற. பக்கத்துலயே அந்த ஒத்தைக் கால் பொண்ணு கம்பை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு.

நான் போனது திட்டத்தான் ஏட்டையா. சத்தியமா. ஏய் இமல்டா, என்ன இதுன்னு ஆரம்பிச்சேன். அது எழுந்து, 'வாங்க சார், ஆம்புலன்ஸுக்கு வழி விட்டிருக்கோம், பரீட்சைக்குப் போற பிள்ளைங்களை ஸ்கூட்டர்ல அந்தப் பக்கம் கொண்டு விடுறோம், உங்களுக்கு ஏதாவது அவசரமா'ன்னு கேட்டுச்சு. பாருங்க, என்கிட்டயே.

ஸ்கூட்டர்ல ஏறிப் போயிருக்கலாம். இப்ப நீங்க கேக்குறதுக்கு முன்னாடி நானே ஆயிரம் தடவை என்னைக் கேட்டுக்கிட்டேன். ஆனா அந்த நேரத்துல எனக்கு வேற ஒண்ணு தோணுச்சு. இண்டர்வியூல கடைசியா ஒரு கேள்வி கேப்பாங்க. எல்லாருக்கும் கேக்குறது. உங்க பாடத்தால சமூகத்துல என்ன மாற்றம் வந்துச்சு, காட்டுங்க பார்ப்போம்னு. என்கிட்ட அந்தப் பல்செட் போட்டோதான் இருக்கு. அந்த டைக்காரன் ஏதாவது டிரோன் படம் கொண்டு வருவான். இங்க பார்த்தா நான் பாடம் எடுத்த ஊரு, நான் சொல்லிக் குடுத்த முறையில தரையில படம், என் மாணவி, நாலு வழியிலயும் ஜனம். கட்டுரையில ஒண்ணு சேராதுன்னு எழுதியிருக்கேனேன்னு கேப்பீங்க. அது போன வருஷம். ஆய்வுக்கு அடுத்த கட்டம்னு சொல்லிக்கலாம்.

கண்டக்டர் கையில போனைக் குடுத்து ஒரு போட்டோ எடுப்பான்னேன். முன்வரிசையில போய் உக்காந்தேன். அப்பத்தான் மாவு ஒட்டிச்சு. யாரோ வீட்டு மேலயே உக்காந்துட்டேன் போலிருக்கு, தள்ளி உக்காருங்க சார்னு ஒரு கிழவி கத்துச்சு. போட்டோன்னா அமைப்பா வரணும்ல, ஏனோதானோன்னு உக்காந்திருந்தா யார் மதிப்பா? எழுந்து நின்னு சொன்னேன், முன்னாடி இருக்கிறவங்க நெருங்கி உக்காருங்க, எல்லாரும் கையைத் தூக்குங்க, வாய் திறந்திருக்கணும், கோஷம் போடுற மாதிரி இருக்கணும், அந்தப் பேனரைச் சுருக்கமில்லாம பிடிங்க. இமல்டாவை மட்டும் கொஞ்சம் ஓரமாப் போகச் சொன்னேன், படத்துல விழ வேணாம்னு. அதுவும் ஒதுங்கிப் போயிடுச்சு. அந்த நேரம் பார்த்து உங்க இன்ஸ்பெக்டர் ஜீப்ல வந்து இறங்கறாரு. அவரு கண்ணுல என்ன பட்டிருக்கும்? இவ்வளவு ஜனம் உக்காந்திருக்கு, ஒரு ஆள் மட்டும் நின்னு, கையை நீட்டி உத்தரவு போடறான். கண்ணாடிக்காரன்தான் லீடர், முதல்ல அவனை ஏத்துங்கன்னுட்டாரு. அவனையாம்.

அவ்வளவுதான் ஏட்டையா கதை. போட்டோவும் சரியா விழல, கண்டக்டர் விரலு குறுக்க வந்திருக்கு.

கையைக் கழுவிட்டு வந்துட்டீங்களா? இப்பக் கிளம்பினாக்கூட ஆட்டோ பிடிச்சுப் போய்ச் சேர்ந்துடுவேன். கூப்பிடுங்க. அந்தப் பொண்ணையே கூப்பிடுங்க. அதுக்கும் எனக்கும் ஆகாது, அது பொய் சொல்லி என்னைக் காப்பாத்துதுன்னு நீங்க சந்தேகப்பட வேண்டியதில்ல.

வாம்மா இமல்டா. ஏட்டையா கேக்குறாரு பாரு, பதில் சொல்லு.

கேட்டுக்கிட்டீங்களா ஏட்டையா? 'சாருக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அவரு பஸ்ல வந்தவரு. அவருக்கு அவசர வேலை இருக்கு, விட்டுடுங்க.' என்னைத் திட்டும்னு பார்த்தேன், இல்ல. முடிஞ்சுதா? எங்க என் பை? இந்தா இருக்கு. செருப்பு வெளிய கிடக்கு. ரொம்ப நன்றி, வர்றேன்.

இருங்க, ஒரு நிமிஷம். இமல்டா, இங்க வா. சம்பந்தமில்லன்னா எப்படி? இன்னைக்கு மறியல்ல எனக்குப் பங்கில்லன்னு சொல்றியா, இல்ல மொத்தமாவே சம்பந்தமில்லன்னு சொல்றியா?

'மொத்தமாவே சார்.'

கேட்டீங்களா. எவ்வளவு சாதாரணமா சொல்லுது பாருங்க. கோவமாச் சொல்லியிருந்தாலும் பரவாயில்ல. பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டா சொல்ற மாதிரி சொல்லுது. பஞ்சவர்ணம்மா, நீங்க சொல்லுங்க. வயசுல பெரியவங்க, மனசறிஞ்சு சொல்லுங்க. நான் உங்க ஊருக்கு வந்தேனா இல்லையா? ஒரு வருஷம் வந்தேன்ல?

'வந்தீங்க சார். பல்லு விளக்கச் சொல்லிக் குடுத்தீங்க.'

அப்புறம்?

'அப்புறம் ஒண்ணுமில்லயே சார். நீங்க கிளம்புங்க, நேரமாகுதுல்ல.'

இல்ல ஏட்டையா, கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நிக்காதீங்க, இருங்க. எனக்கு வலிக்குது. வெளிப்படையாவே சொல்றேன், இங்க, நெஞ்சுல வலிக்குது. இருபது வருஷமா இதையே பாடமா எடுத்துக்கிட்டிருக்கேன். ஒரு ஊரு கூட எழுந்து நின்னதில்ல. ஒண்ணு கூட இல்ல. பல்லு, கொசு, மரக்கன்னு, இதுதான். இன்னைக்கு ஒரு ஊரு எழுந்து ரோட்டுக்கு வந்திருக்கு, அதுல எனக்குச் சம்பந்தமே இல்லயாம். யார் சொல்றது? நான் ஃபெயில் போட்ட பொண்ணு சொல்லுது.

எழுதிக்கங்க. தரையில ஊர்ப்படம் போடுற முறையை அந்த ஊருக்குக் கொண்டு போனது யாரு? நான். இந்தப் பொண்ணை அந்த ஊருக்கு அனுப்பினது யாரு? நான். அதே ஊருக்கு ரெண்டாவது வருஷமும் போக வச்சது யாரு? நான் ஃபெயில் போடலன்னா இது இந்நேரம் பாஸாகி எங்கயாவது ஆபீஸ்ல உக்காந்திருக்கும், கரட்டுப்பட்டி எக்கேடு கெட்டாலும் இதுக்குத் தெரிஞ்சிருக்காது. மக்களை எப்படித் திரட்டுறது, எங்க உக்கார வைக்கிறது, அதிகாரியை எப்படி இறங்கி வர வைக்கிறது, எல்லாம் என் வகுப்புல நான் சொன்னது. அன்னைக்குத் தூங்கிட்டிருந்தாங்கன்னு நினைச்சேன், இது மட்டும் முழிச்சுக்கிட்டிருந்திருக்கு. இந்த மறியலுக்கு ஆணிவேர் நான்தான். நான் இல்லாம இது நடந்திருக்கவே நடந்திருக்காது. சம்பந்தமில்லயாம்ல.

என்ன ஏட்டையா, கதவைச் சாத்திட்டீங்க? யாருக்கு போன் பண்றீங்க?

'ஐயா, பின்னாடி இருந்து நடத்தினவர் ஒத்துக்கிட்டாருங்கய்யா.' இதை எதுக்கு இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்றீங்க? நான் ஒரு ஆதங்கத்துல பேசினேன். அது கல்வி சம்பந்தமான விஷயம். நான் ரோட்டுல போய் உக்காருன்னு யார்கிட்டயும் சொல்லல, உக்கார்றதுன்னா என்னன்னு விளக்கம் மட்டும்தான் சொன்னேன். வித்தியாசம் இருக்கு. புரியுதா உங்களுக்கு?

வெளிய என்ன ஜீப் சத்தம்? ஆர்டிஓவா? எல்லாப் பொம்பளைங்களும் எழுந்து ஓடறாங்க பாருங்க, இவ்வளவு நேரம் என் பேச்சுக்கு ஒருத்தி திரும்பிப் பார்க்கல. பஞ்சவர்ணம்தான் முன்னாடி போகுது. என்ன சொல்றாரு? இங்கயிருந்து ஒண்ணும் கேக்கல. அந்த லேடி போலீஸ் அம்மாவைக் கேளுங்களேன். அடைச்ச கட்டையை இன்னைக்கே எடுக்கச் சொல்லிட்டாரா? சிக்னலும் போடறாங்களாமா? எழுதிக் கையெழுத்துப் போட்டே குடுத்துட்டாரா? எழுத்துல வாங்காம எழுந்திரிக்கக் கூடாதுன்னு நான் மூணாவது செமஸ்டர்ல சொல்லியிருக்கேன், அதையும் குறிச்சுக்கங்க.

அந்தப் பஞ்சவர்ணம் ஏன் அழுதுக்கிட்டுச் சிரிக்குது? சரி, விடுங்க.

எல்லாரையும் விட்டுட்டீங்களா? அப்ப சாயங்காலம் வரைக்கும்னு சொன்னது? இல்லயா, பேச்சு முடிஞ்சுட்டா உடனே விட்டுடுவீங்களா. நல்லது. அப்ப நானும் இவங்களோடவே போயிடறேன், மூணு மணிக்கு இன்னும் நேரமிருக்கு. ஏன் கையைப் பிடிக்கிறீங்க? உக்காரவா? நான் மட்டுமா? தூண்டிவிட்டவரை இன்ஸ்பெக்டர் நேர்ல பார்த்து விசாரிக்கணும்னு சொன்னாரா? எப்ப வருவாரு? எங்க போயிருக்காரு? மந்திரி பந்தோபஸ்தா? அது ராத்திரி ஆகுமே ஏட்டையா.

இமல்டா, நீ எதுக்குத் திரும்ப வர்ற? போம்மா, எல்லாரும் கிளம்பிட்டாங்க பாரு. ஏட்டையாகிட்ட திரும்பத் திரும்ப அதையே சொல்லாத, சாருக்குச் சம்பந்தமில்ல, சாருக்குச் சம்பந்தமில்லன்னு. ஒரு தடவை சொன்னதே போதும். பொட்டலத்தை நாற்காலியில வச்சுட்டுப் போ. சாப்பிடறேன், போ.

சரி, எழுதணும்னா எழுதுங்க. பேரு அரங்கநாயகம். ரங்கநாதன் இல்ல, அரங்கநாயகம். முன்னாடி டாக்டர் போட்டு எழுதுங்க ஏட்டையா.